எரிப்பதை நிறுத்தினால் வெப்பம் இறங்குமா?

வலிகாமத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்யும் ஒரு வீட்டுப் பிள்ளை, உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறவர், என்னிடம் கேட்டது இது: "தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை என்று அப்பா சொல்வார். 2022இல் நானே எரிபொருள் வரிசையில் நின்றேன். அந்த நாட்களிலும் வெயில் குறையவில்லையே. அப்படியிருக்க, நிலக்கரி, எண்ணெய் போன்ற சுவட்டு எரிபொருளைக் குறைத்தால் பூகோள வெப்பம் குறையும் என்று புத்தகம் சொல்வது எப்படிச் சரியாகும்? எங்கள் தோட்டத்து மண்ணெண்ணெய் இயந்திரத்தை விற்றுவிட்டுச் சூரிய மின்சாரத்தில் இறைக்கும் மோட்டார் போடச் சொல்கிறார்கள். நாங்கள் மாற்றுவதால் உலகத்துக்கு என்ன ஆகப்போகிறது?"

தம்பி, உம்முடைய ஐயம் நியாயமானது. பிழை உம்மிடம் இல்லை, "வெப்பம் குறையும்" என்ற அந்தச் சொல்லில் இருக்கிறது. எரிபொருளைக் குறைத்தால் வெப்பம் ஏறும் வேகம் குறையும். எரிப்பதை அடியோடு நிறுத்தினால் ஏறுவது நிற்கும். ஏற்கெனவே ஏறியது இறங்காது. உம்முடைய ஆயுளில் மட்டுமல்ல, உம்முடைய பேரப்பிள்ளைகளின் ஆயுளிலும் இறங்காது. இந்த மூன்றையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியதால்தான் அப்பாவின் அனுபவமும் புத்தகமும் ஒன்றோடொன்று முட்டுவதுபோல் தோன்றுகிறது.

முதலில் அப்பாவின் காலத்தை எடுத்துக்கொள்வோம். நானும் அந்தக் காலத்தவன். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரி ஒன்றைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் பரீட்சை வினாத்தாள் திருத்தியிருக்கிறேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டிருக்கிறோம். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் புகையோடு ஓட்டியிருக்கிறோம். சரி, ஒரு கணக்குப் போடுவோம். குடாநாட்டில் 6 இலட்சம் பேர் என்றும், போர்க்கால எரிபொருள் தடை இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 1 தொன் காபனீரொட்சைட்டை வெளியிட்டிருப்பார்கள் என்றும் தாராளமாக வைத்துக்கொள்ளும். ஐந்து வருடம் ஒரு சொட்டும் எரிக்கவில்லை என்றால் மிச்சமானது 30 இலட்சம் தொன். இன்றைய உலகம் சுவட்டு எரிபொருளை எரித்து ஆண்டுக்கு வெளியிடுவது ஏறத்தாழ 3,700 கோடி தொன். வகுத்துப் பாரும்: எங்கள் ஐந்து வருட இருட்டை உலகம் ஒரு மணித்தியாலத்துக்குள் எரித்துத் தீர்த்துவிடும். வெப்பநிலையில் அது ஒரு பாகையின் பத்து இலட்சத்தில் ஒன்றரைப் பங்கைக்கூட எட்டாது. அந்த இருட்டினால் வெயில் குறையாததில் வியப்பில்லை. காபனீரொட்சைட்டு எங்கே புறப்பட்டாலும் ஓராண்டுக்குள் உலகம் முழுவதும் கலந்துவிடும். நாவற்குழியில் எரிக்காமல் விட்டதனால் நாவற்குழி குளிராது.

ஆனால் அதே தொண்ணூறுகளில் உலகம் உண்மையிலேயே கொஞ்சம் குளிர்ந்தது. 1991 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸில் பினடூபோ எரிமலை வெடித்துக் கோடிக்கணக்கான தொன் கந்தகவீரொட்சைட்டை வானத்தின் மேலடுக்குக்குத் தூக்கி எறிந்தது. அது அங்கே மெல்லிய மூடுபனிபோலப் பரந்து சூரிய ஒளியில் சிறு பங்கைத் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரைப் பாகை இறங்கியது. இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் படலம் படிந்து மறைந்தது, வெப்பமும் பழைய பாதைக்கே திரும்பியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வானத்துக்குப் போகும் பொருள்களில் சில சீக்கிரம் திரும்பி வந்துவிடும், சில வராது. கந்தகத் துகள் வந்துவிடும். காபனீரொட்சைட்டு வராது. உம்முடைய கேள்விக்கான விடை முழுவதும் இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது.

தோட்டக்காரர் பிள்ளைக்கு இதை விளங்கவைக்க நான் வேறெங்கும் போகவேண்டியதில்லை. கடற்கரையை அண்டிய கிணற்றில் நீர் கொஞ்சம் உவர்த்திருக்கும். அதையே பாத்தி பாத்தியாக மாறிக் கட்டுகிறார்கள். நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு மண்ணில் நிற்கிறது. முதல் வருடம் ஒன்றும் தெரியாது. நாலைந்து வருடம் போக வெங்காயத் தாளின் நுனி கருகத் தொடங்கும். அந்தக் கருகலுக்கு நேற்றைய இறைப்புக் காரணமா? இல்லை, இதுவரை இறைத்த எல்லா இறைப்பின் உப்பும் சேர்ந்து காரணம். இனிமேல் இறைப்பைப் பாதியாகக் குறைத்தால் உப்புக் குறையுமா? குறையாது, கூடும் வேகம்தான் பாதியாகும். உவர்நீர் இறைப்பதையே நிறுத்தினால்தான் உப்பு இருந்த இடத்தில் நிற்கும். மாரி மழை கொஞ்சத்தைக் கழுவிக்கொண்டு போகும், மிச்சம் கிடக்கும்.

வளிமண்டலம் அந்த மண் போன்றது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் காபனீரொட்சைட்டு 280 பங்கு இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்ள்ஸ் கீலிங் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் நின்றது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியிடுவதில் ஏறத்தாழ அரைவாசியைக் கடலும் காடும் மண்ணும் ஏற்றுக்கொள்கின்றன, அதுதான் மாரி மழை. மற்ற அரைவாசி மேலே சேர்கிறது. 2020இல் கொரோனாவினால் விமானங்களும் தொழிற்சாலைகளும் நின்றபோது உலகின் வெளியீடு சுமார் 5 சதவீதம் விழுந்தது. அந்த ஆண்டிலும் மௌனா லோவாக் கோடு ஏறியபடியே போனது, ஏனென்றால் மற்ற 95 சதவீதம் போய்க்கொண்டுதான் இருந்தது. "உலகமே அடங்கியிருந்தும் ஒன்றும் நடக்கவில்லையே" என்று அப்போது பலர் சோர்ந்துபோனார்கள். இருபது பாத்தியில் ஒன்றுக்கு மட்டும் ஒரு வருடம் உவர்நீர் கட்டாமல் விட்டவர், தோட்டம் திருந்தவில்லையே என்று கவலைப்படுவது போன்றது அது.

கணிதப் பிரிவுக்காரர் என்பதால் உமக்கு இதைச் சொல்லலாம்: இந்த விடயத்தில் இயற்கை வியக்கத்தக்க ஓர் எளிய சமன்பாட்டை வைத்திருக்கிறது. இதுவரை வெளியிட்ட காபனீரொட்சைட்டின் மொத்தத்துக்கு நேர்விகிதமாகவே வெப்பநிலை ஏறுகிறது. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு இலட்சம் கோடி தொன்னுக்கு ஏறத்தாழ 0.45 பாகை. 1850 முதல் 2019 வரை மனிதர் வெளியிட்டது, காடழித்ததையும் சேர்த்து, சுமார் 2.4 இலட்சம் கோடி தொன். பெருக்கினால் 1.08. 2010 முதல் 2019 வரையான பத்தாண்டில் கண்ட உயர்வும் ஏறத்தாழ 1.1 பாகைதான். முதல் தடவை இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. இத்தனை பெரிய பூமி, இத்தனை கடல், இத்தனை முகில், கடைசியில் ஒரு நேர்கோடு.

அந்த நேர்கோட்டை எதிர்காலத்துக்கு நீட்டும். காடழிப்பையும் சேர்த்து ஆண்டுக்கு 4,000 கோடி தொன் என்று வைப்போம். இப்படியே முப்பது வருடம் போனால் 1.2 இலட்சம் கோடி தொன், அதாவது இன்னும் 0.54 பாகை. இன்றிலிருந்து ஒரே சீராகக் குறைத்து முப்பதாவது வருடம் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால், முக்கோணத்தின் பரப்பு, 0.6 இலட்சம் கோடி தொன். உயர்வு 0.27 பாகை, அதோடு நிற்கும். பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு அதன்பிறகு அதே முப்பது வருடத்தில் குறைத்தால் 0.45 பாகை. தாமதித்த பத்து வருடத்தின் விலை 0.18 பாகை, அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. சிறிய எண்கள் என்று நினைக்கவேண்டாம். காற்று ஒரு பாகை சூடேறினால் அது ஏந்தும் நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். எங்களுக்கோ வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்கிறது. அந்த மூன்று மாதத்து முகில் இன்னும் கூடுதலாகச் சுமந்து வந்து ஒரே இரவில் இறக்கினால் வாய்க்கால் என்ன செய்யும், நாற்று என்ன செய்யும் என்று உம்முடைய அப்பாவைக் கேளும். 2024ஆம் ஆண்டின் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட ஏறத்தாழ 1.55 பாகை கூடியிருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. பசிபிக் கடல் சில வருடங்களுக்கு ஒருமுறை சூடேறும் எல் நினோவின் கையும் அதில் உண்டு, ஒரு வருடத்தை வைத்துப் பரிஸ் உடன்படிக்கையின் 1.5 பாகை எல்லை தாண்டிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வந்துவிட்டது.

இனி நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. இதில் ஒரு தவறான நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது. "ஏற்கெனவே வெளியிட்டது போதும், இனி நாம் நிறுத்தினாலும் இன்னும் நூறு வருடம் சூடேறிக்கொண்டுதான் இருக்கும், ஆகவே பயனில்லை" என்பார்கள். அது சரியல்ல. நாம் வெளியிட்ட வாயுக்களால் பூமியில் மிஞ்சும் வெப்பத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கடல் விழுங்கிவைத்திருக்கிறது. ஆழ்கடல் மெல்லச் சூடேறி மேற்பரப்பை எட்டிப் பிடிக்கப் பார்க்கும், அது வெப்பநிலையை மேலே தள்ளும். அதேவேளை வெளியீடு நின்றபின் கடல் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைத் தொடர்ந்து உறிஞ்சும், அது வெப்பநிலையைக் கீழே இழுக்கும். இரண்டும் கிட்டத்தட்டச் சமன் ஆகிவிடுகின்றன. ஆகவே காபனீரொட்சைட்டு வெளியீடு பூச்சியத்தைத் தொட்டதும், அதன் காரணமான வெப்ப உயர்வு சில ஆண்டுகளுக்குள் நின்று, அந்த மட்டத்திலேயே நிலைக்கும் என்பதே இன்றைய விஞ்ஞானம் சொல்வது. எவ்வளவு பெரிய செய்தி இது! இனி ஏறப்போகும் ஒவ்வொரு புள்ளியும் இனி எரிக்கப்போகும் எரிபொருளால்தான் ஏறும். முன்னோர் எரித்தது நம் கையில் இல்லை, இனி எரிப்பது நம் கையில் இருக்கிறது.

ஏறியது ஏன் இறங்காது என்று கேட்டால், காலுக்குக் கீழே பாரும். குடாநாடு முழுவதும் மயோசீன் என்னும் மிகப் பழைய காலத்துச் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லில் பாதிக்குக் கிட்டிய எடை காபனீரொட்சைட்டு. கடலில் கரைந்த வாயுவைச் சிப்பியும் பவளமும் தம் ஓட்டில் கட்டி, ஓடு படிந்து கல்லானது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் சூளையில் அந்தக் கல்லைச் சுட்டபோது அது மறுபடி காற்றுக்குப் போனது. வாயுவை இப்படிக் கல்லாக்குவதுதான் பூமி காற்றைத் துப்புரவாக்கும் வழி, அதற்கு எடுக்கும் காலம் இலட்சக்கணக்கான வருடம். கடல் அவ்வளவு காத்திருக்காது, விரைவிலேயே தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆனாலும் இன்று வெளியிடும் ஒரு தொன்னில் ஐந்தில் ஒரு பங்களவு ஆயிரம் வருடம் கழித்தும் காற்றிலேயே நிற்கும். பொலனறுவையில் சோழர் ஆண்டது ஆயிரம் வருடத்துக்கு முன். அவர்கள் நிலக்கரி எரித்திருந்தால் அதன் ஒரு பங்கை இன்று நாம் சுமந்துகொண்டிருப்போம்.

"அப்படியென்றால் அம்மா காவோலையும் ஊமலும் எரித்துச் சமைப்பதும் குற்றமா?" என்று அடுத்த கேள்வி உமக்கு வரும், எப்போதும் வரும். பனையோலையில் இருக்கும் காபன் சில வருடங்களுக்கு முன் இதே காற்றிலிருந்து அந்தப் பனை எடுத்தது. எரித்தாலும் உக்கினாலும் திரும்பப் போய் இன்னொரு வடலியில் ஏறும். அது சுற்றிவரும் முதல். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான வருடம் நிலத்துக்குள் பூட்டிக் கிடந்தவை, அவற்றை எரிப்பது சுற்றுக்குள் புதிதாகக் கொட்டுவது. காற்றைப் பரிசோதித்தாலே இது தெரிந்துவிடுகிறது. உயிருள்ள மரத்தில் காபன் 14 என்ற கதிர்வீசும் சமதானி, அதாவது காபனின் பாரம் கூடிய ஒரு வகை, கொஞ்சம் இருக்கும், பழைய நிலக்கரியில் அது முழுதும் தேய்ந்து போயிருக்கும். காபன் 14 இல்லாத காபன் கலந்து காற்று நீர்த்துப்போவதை அளந்திருக்கிறார்கள். கூடிய வாயு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அடுப்புப் புகை அம்மாவின் நெஞ்சுக்கு ஆகாது என்பது வேறு விடயம், அதற்காகப் புகைபோக்கி கட்டிக் கொடும்.

ஒரு சிக்கலை மறைக்கக்கூடாது. நிலக்கரியும் கப்பல் எண்ணெயும் எரியும்போது கந்தகமும் சேர்ந்து புகைகிறது. பினடூபோ செய்ததைத் தாழ்ந்த அளவில் அந்தப் புகை தினமும் செய்துகொண்டிருக்கிறது. ஏறவேண்டிய வெப்பத்தில் சுமார் அரைப் பாகை வரை அது மறைத்து வைத்திருக்கிறது. எரிப்பதை நிறுத்தினால் இந்தத் துகள்கள் சில கிழமைகளில் மழையோடு இறங்கிவிடும், மறைந்திருந்த வெப்பம் வெளியே தெரியும். கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் உச்ச அளவை 2020இல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தபோது இதன் சிறு சாயலைக் கண்டோம். அதற்காகப் புகையை வைத்திருக்கலாமா? அந்தப் புகையைச் சுவாசித்து ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் சாகிறார்கள். வைத்திருக்கும் காலமெல்லாம் காபனீரொட்சைட்டும் சேர்ந்துகொண்டே போகும், கடன் கூடும். இதற்கு ஈடுகட்டக் கையில் இருக்கும் வழி மெதேன் வாயுவைக் குறைப்பது. மனிதரால் வெளிவரும் மெதேனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலக்கரிச் சுரங்கங்களிலும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலும் குழாய்களிலும் கசிவது. இருபது வருடக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைப்போல் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும், ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஆகவே அதைக் குறைத்தால் வெப்பம் உண்மையாகவே கொஞ்சம் இறங்கும், அதுவும் நம் கண் முன்னால். புத்தகத்தின் "குறையும்" என்ற சொல் முழுதாகப் பொருந்துவது இந்த ஓர் இடத்தில்தான்.

வெப்பநிலை நிற்பதோடு எல்லாம் நிற்குமா என்றால், கடல் நிற்காது. இது எங்கள் குடாநாட்டுக்குச் சொல்லவேண்டிய கசப்பான பகுதி. சூடேறிய நீர் விரிகிறது, பனிப்பாறை மெல்ல உருகுகிறது, இரண்டுக்கும் நூற்றாண்டுகள் வேண்டும். 1901இலிருந்து கடல்மட்டம் உலகச் சராசரியில் 20 சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது. இப்போது வருடத்துக்கு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர் என்பது உமக்குத் தெரியும். குடாநாட்டின் நிலத்தடியும் அப்படித்தான்: கடல்நீரின் மேல் நன்னீர் வில்லை ஒன்று மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இரண்டின் அடர்த்தி வேறுபாட்டிலிருந்து வரும் விகிதம் அது. கடல் ஏறியோ நாம் அளவுக்கு மிஞ்சி இறைத்தோ அந்த ஓரடி குறைந்தால் கீழிருந்து 40 அடியை இழக்கிறோம். வெளியீட்டை இன்றே குறைத்தாலும் கடல் ஏறும். ஆனால் 2100க்குள் எவ்வளவு, எவ்வளவு வேகமாக என்பதை நாம் எரிப்பது தீர்மானிக்கிறது. மெதுவாக ஏறும் கடலுக்கு ஏற்ப உவர்நீர்த் தடுப்பணையும் குளமும் பயிர்முறையும் மாற்ற ஊருக்கு அவகாசம் கிடைக்கும். வேகமாக ஏறினால் கிடைக்காது.

"எரிபொருளைக் குறைப்போம்" என்று யார் சொன்னாலும் எங்கள் ஊரில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களின் முகம் இறுகிவிடும். அவர்களுக்கு அது ஜாம் போத்தல் விளக்கு, சங்குப்பிட்டியிலும் கிளாலியிலும் படகுக்குக் காத்திருந்த இரவு, மருந்தில்லாத ஆஸ்பத்திரி வாட்டு. அவர்களிடம் போய்க் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, சொல்லவும் கூடாது. தடையும் பஞ்சமும் கொண்டுவந்த குறைப்பு ஆட்களை வருத்தியது, காற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. இங்கே கேட்கப்படுவது வேறு: அதே வெளிச்சம், அதே இறைப்பு, அதே பயணம், ஆனால் நிலத்துக்குள்ளிருந்து காபனைத் தோண்டாமல். நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி நிலையம் இந்த நாட்டு மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்களவைத் தருகிறது. யாழ்ப்பாணத்தில் மின்விசிறியைப் போட்டால் அந்த நிலக்கரியும் கொஞ்சம் எரிகிறது. பளைப் பக்கம் புகையிரதத்தில் போகும்போது பார்த்திருப்பீர், 2014 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. சோளகம் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை அவற்றுக்கு நல்ல காலம். எழுவைதீவில் காற்றும் சூரியனும் மின்கலமும் டீசலும் சேர்ந்த சிறு நிலையம் ஏற்கெனவே உண்டு. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் அதே வழியில் திட்டம் போடப்பட்டது. டீசலைப் படகில் ஏற்றிப்போகும் தீவுக்கு இது ஆடம்பரமல்ல. 2030இல் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து என்பது இலங்கை அறிவித்த இலக்கு. சூரியன் மறைந்தபின் மாலை ஆறரை முதல் பத்தரை வரைதான் நாட்டின் மின்தேவை உச்சத்துக்குப் போகிறது, ஆகவே சேமிக்கும் வழிக்குப் பணம் ஒதுக்காமல் கூரைத் தகடுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அந்த இலக்குக் கைகூடாது.

எரிபொருளின் சேதம் காற்றோடு முடிவதில்லை என்பதற்குச் சுன்னாகம் இருக்கிறது. மின்சாரம் பிறப்பிக்கக் கொண்டுவந்த எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்ததற்காக 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. பூகோள வெப்பத்தை நம்பாதவர்கூட அந்தக் கிணறுகளில் வாளியை விட்டுப் பார்த்திருந்தால் இந்தப் பேச்சுக்குக் காது கொடுத்திருப்பார்.

நம் பங்கு பற்றிய உம்முடைய கேள்விக்கு வருகிறேன். உலக வெளியீட்டில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 1 தொன். உலகச் சராசரி நாலரைத் தொன்னுக்கு மேல், அமெரிக்கர் ஒருவருக்கு 14 தொன் அளவில். முதலில் நிறுத்தவேண்டியவர் யார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை, உலக மன்றங்களில் அதை நம் பிரதிநிதிகள் உரத்துச் சொல்லவேண்டும். நான் சொன்ன நேர்கோடு அந்த வாதத்துக்கும் ஆதாரம்: யார் இதுவரை எவ்வளவு கொட்டினார்கள் என்று கூட்டினால், வெப்பத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது தானே வந்துவிடும். ஆனால் அதே நேர்கோட்டில் "இவ்வளவுக்குக் குறைந்தால் கணக்கில் இல்லை" என்ற படி எதுவும் கிடையாது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் சுமார் இரண்டரைக் கிலோ காபனீரொட்சைட்டு. எரிபொருளிலுள்ள காபன் காற்றிலிருந்து ஒட்சிசனைச் சேர்த்துக்கொள்வதால் எரித்ததைவிட எடை கூடி வருகிறது. அந்த இரண்டரைக் கிலோ சவூதியில் எரிந்தாலும் சங்கானையில் எரிந்தாலும் ஒரே அளவுதான் சூடாக்கும்.

உம்முடைய வீட்டு வெயிலுக்கு வேறு மருந்து இருக்கிறது. போரில் தலை இழந்த பனைகளும் வளவுகளில் வெட்டிய மாவும் வேம்பும் திரும்ப நின்றால் அந்த வளவு இன்றே குளிரும். அதற்கு உலகம் இணங்கவேண்டியதில்லை.

இனி அந்த இறைப்பு இயந்திரம். மாற்றுங்கள் என்பதே என் கருத்து, முதற்காரணம் உலகம்கூட அல்ல. 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வாடிய பயிர் உம்முடைய கண் முன்னால் நின்றது. அடுத்த தடவை உலகச் சந்தையில் எங்கே சண்டை வந்தாலும் சூரியன் வரிசையில் நிற்கச் சொல்லாது. ஆனால் ஒன்றை அப்பாவிடம் கட்டாயம் சொல்லும். மண்ணெண்ணெய் விலைதான் இதுவரை உங்கள் கிணற்றுக்குக் கடிவாளமாக இருந்தது. பாத்தி நனைந்ததும் இயந்திரத்தை நிறுத்தியது அந்தச் செலவுக்குப் பயந்துதான். சூரிய மோட்டாருக்குச் செலவில்லை, காலை முதல் மாலை வரை அது இறைத்துக்கொண்டே இருக்கும், யாரும் ஓடிப்போய் நிறுத்தமாட்டார்கள். வில்லையின் ஓரடி கீழே போனால் உப்பு 40 அடி மேலே ஏறும் என்ற கணக்கு உங்கள் கிணற்றுக்கும் பொருந்தும், வெங்காயமோ உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் பயிர்களில் ஒன்று. ஆகவே சிறிய மோட்டாராக வாங்குங்கள். கிணற்றில் நேரடியாக அதிகம் இழுக்காமல், பகல் முழுவதும் மெல்ல இறைத்து ஒரு தொட்டியில் சேர்த்து, மாலையில் அதிலிருந்து தண்ணீர் மாறுங்கள். நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் பேனை போன்ற கருவி விலைக்குக் கிடைக்கிறது. பூட்டும் நாளிலேயே அளந்து கிணற்றுக்கட்டில் சோக்கினால் எழுதிவையும். பிறகு கிழமைக்கு ஒரு தடவை, பங்குனி சித்திரையில் இரண்டு தடவை அளந்து பாரும். எண் ஏறத் தொடங்கினால் அடுத்த இறைப்பைத் தள்ளிப்போடுங்கள். அந்த எண்களை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி, மாரி வந்தபின் எனக்குக் கொண்டுவந்து காட்டும்.